அலிபாபா படங்களில் நகைச்சுவைப் பெண்: டி.ஏ. மதுரமும் மார்ஜியானாவும்

தமிழ்ப் பட நகைச்சுவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறார்கள். கலைவாணர், காளி என். ரத்னம், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ் என்று பட்டியல் நீளும். இவர்களுக்கு எதிரே நின்று, சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுத்த பெண்களுக்கு "உடன் நடித்தவர்" என்ற ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால் மேடையேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரில் நிற்பவர் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய சிரிப்பு நடிகரும் ஜெயிக்க முடியாது. பந்து போடுகிறவர் சரியாகப் போட்டால்தானே அடிக்கிறவருக்குக் கைதட்டு!

அப்படிப்பட்ட ஒரு பெண்ணையும் ஒரு பாத்திரத்தையும் இக்கட்டுரையில் பார்ப்போம். பெண், டி.ஏ. மதுரம். பாத்திரம், மார்ஜியானா. பாலைவனம், குகை, திருடர் கூட்டம் என்று வரும் அரபுக் கதைப் படங்களை நாம் சிறுபிள்ளை விளையாட்டாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அதற்குள் பெண்ணின் சிரிப்பைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது என்பது என் கருத்து. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழும் நமக்கு அது கூடுதலாகவே தேவைப்படுகிற செய்தி.

கதையின் உண்மையான நாயகர் யார்?

அலிபாபா கதையை ஆயிரத்தொரு இரவுகளில் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்நூலின் பழைய அரபு ஏட்டுப் பிரதிகளில் இக்கதை இல்லை. சிரியா நாட்டு அலெப்போ நகரத்துக்காரர் ஹன்னா தியாப் 1709ஆம் ஆண்டு பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் காலான் என்ற பிரெஞ்சு அறிஞர் கேட்டு எழுதிக்கொண்டார். அது 1717இல் அச்சேறியது. அதாவது, ஊரைவிட்டு வெளியே வந்த ஒருவர் வெளிநாட்டில் உட்கார்ந்து சொன்ன கதை இது.

காலான் வைத்த தலைப்பையும் கவனிக்க வேண்டும். 'அலிபாபாவும், ஓர் அடிமைப்பெண்ணால் ஒழிக்கப்பட்ட நாற்பது திருடர்களும்' என்பது அதன் பொருள். காலப்போக்கில் தலைப்பு சுருங்கியபோது முதலில் வெட்டுப்பட்டது யார்? அந்த அடிமைப்பெண்தான். அலிபாபா நிலைத்தார், திருடர்கள் நிலைத்தார்கள், கதையையே முடித்து வைத்தவள் காணாமல் போனாள்.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். அலிபாபா உண்மையில் செய்தது என்ன? மரத்தின்மேல் ஒளிந்திருந்தபோது மந்திரச் சொல் காதில் விழுந்தது. உள்ளே போனார், பொற்காசுகளை அள்ளி வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற எல்லா ஆபத்தையும் சமாளிப்பவள் மார்ஜியானா. கொலையுண்ட காசிமின் உடலைத் தைக்கச் செருப்புத் தைக்கும் கிழவரைக் கண்ணைக் கட்டி அழைத்து வருகிறாள். திருடன் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டதைப் பார்த்ததும், கத்தவில்லை, அழவில்லை. தெருவில் இருக்கிற மற்ற கதவுகளிலும் அதே அடையாளத்தைப் போட்டுவிடுகிறாள். அடுத்தவன் சிவப்பில் போட்டால், இவளும் சிவப்பில் போடுகிறாள்.

பிறகு திருடர் தலைவன் எண்ணெய் வியாபாரியாக வருகிறான். சாடிகளுக்குள் ஆட்கள். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோய் சாடியருகே போகிறாள் மார்ஜியானா. உள்ளேயிருந்து ஒரு குரல் "நேரமாயிற்றா?" என்று கேட்கிறது. நாமாக இருந்தால் விளக்கைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். அவள் தலைவனைப் போலவே "இன்னும் ஆகவில்லை" என்கிறாள். அடுத்த சாடி, அதே கேள்வி, அதே பதில். இப்படியே வரிசையாக.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இது பயங்கரக் காட்சியா, சிரிப்புக் காட்சியா? இரண்டும்தான். ஒரே கேள்வி, ஒரே பதில், முகத்தில் சலனம் இல்லை, பார்க்கிறவருக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். நகைச்சுவை நடிப்பின் அரிச்சுவடியே இதுதான். அவள் கையாளும் ஆயுதங்களையும் பாருங்கள். சுண்ணக்கட்டி, எண்ணெய்ச் சட்டி, கடைசியில் ஒரு நடனம். வாள் வீசுகிற வீரனின் கதைக்குள்ளே அடுப்படியிலிருந்து வந்த ஒரு பெண் எல்லோரையும் தோற்கடிக்கிறாள். இந்தப் பாத்திரத்துக்கு அழகு மட்டும் போதாது. நேரம் பார்த்துச் சொல்லத் தெரிந்த நாக்கு வேண்டும்.

ஆண்கள் கையில் இருந்த சிரிப்பு

நம் கூத்து மரபில் சிரிப்பூட்டும் வேலை கட்டியங்காரனுக்கும் கோமாளிக்கும் உரியது. பிற்கால நாடக மேடையில் அவர் 'பபூன்' ஆனார். பெண் பாத்திரத்தையும் ஆண்களே கட்டினார்கள். இதற்குச் சான்று தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம்ம பாலக்காட்டுப் பக்கத்துப் பொறாட்டு நாடகமே போதும். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள். குறவன், குறத்தி, தாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேடங்கள். அவர்களை நிறுத்திவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டுக் கிண்டலடிக்கும் 'சோத்தியக்காரன்'. குறத்தி சுடச்சுடப் பதில் சொல்வாள், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்தக் குறத்தியும் மரபுப்படி ஓர் ஆண்தான்.

நகரத்து நாடகக் கம்பெனிகளும் அப்படியே. என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் பாலர் நாடக சபையில் வளர்ந்தவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். பையன்களே ராஜாவாகவும் ராணியாகவும் நடித்த உலகம் அது. பேசும் படம் வந்த பிறகுதான், அங்கமுத்து, சி.டி. ராஜகாந்தம், டி.ஏ. மதுரம் போன்றோரால், பெண்ணின் சிரிப்பைப் பெண்ணே சிரிக்கிற நிலை பரவலாக வந்தது. இதை ஒரு சின்ன மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆண் பெண்வேடம் போட்டுச் சிரிப்புக் காட்டும்போது நாம் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெண்ணே வந்து சிரிப்புக் காட்டும்போது அவளோடு சேர்ந்து சிரிக்க ஒரு வழி திறக்கிறது.

1941: மதுரத்தின் இடம்

கிருஷ்ணனும் மதுரமும் சந்தித்தது 1936இல் வந்த 'வசந்தசேனா' படத்தின்போது. படப்பிடிப்புக்குப் பூனா போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம் திருமணத்தில் முடிந்தது. அதன்பின் 'அம்பிகாபதி', 'உத்தம புத்திரன்', 'ஹரிதாஸ்' என்று படத்துக்குப் படம் இந்த ஜோடி வந்தது. அக்காலத்தில் இவர்கள் காட்சிகள் கதையோடு ஒட்டாமல் தனிச்சரடாகவே இருக்கும். தனியாக எடுத்துச் சேர்ப்பார்கள். நாயகனும் நாயகியும் காதலில் உருகிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

1941இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. முழுநீள நகைச்சுவைப் படமான அதில் கிருஷ்ணனே அலிபாபா, மதுரமே மார்ஜியானா. ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்துவிட்டார்கள். மேலே சொன்ன கதையை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தத் தேர்வின் பொருத்தம் புரியும். மரத்தில் ஒளிந்துகொள்கிற, தற்செயலாகப் பணக்காரனாகிற, ஆபத்து வந்தால் திகைக்கிற அலிபாபா இயல்பிலேயே ஒரு நகைச்சுவைப் பாத்திரம். அவரைக் காப்பாற்றும் மார்ஜியானா, மதுரம் ஏற்கெனவே பல படங்களில் செய்துகொண்டிருந்த வேலையின் நீட்சி.

மதுரத்தின் நடிப்புக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. உடம்பை வளைத்து, முகத்தைக் கோணி, இடுப்பில் கை வைத்து நிற்கும் கோமாளித்தனம் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் அது அவர் முட்டாள் என்று காட்டுவதற்கில்லை. எதிரில் இருப்பவர் அடித்து விடுகிற கதையை நான் நம்பவில்லை என்று காட்டுவதற்கு. கிருஷ்ணன் மேடை போட்டுப் பேசுவது போல நீட்டி முழக்குவார். மதுரம் ஒரே வார்த்தையில் ஊசி குத்துவார். காற்றுப் போய்விடும். சொந்தக் குரலில் பாடுவார், பாட்டுக்குள்ளேயும் வாதாடுவார். கலைவாணரின் சீர்திருத்தக் கருத்துகள் பிரசங்கமாகிவிடாமல் காத்தது பெருமளவு இந்த அம்மையாரின் குறுக்கீடுதான் என்று சொன்னால் அது மிகையல்ல.

திரையில் மட்டுமா? லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கிருஷ்ணன் கைதானார். 1947இல் விடுதலையாகும்வரை, கணவர் சிறையில், கம்பெனி தெருவில். அந்த நிலையில் மதுரம் துவண்டுவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். அந்தக் குழுவின் 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. அதில் மதுரத்துக்கு இரட்டை வேடம். வீட்டு ஆண்மகன் ஆபத்தில் இருக்கும்போது வீட்டைக் காப்பவள் என்ற மார்ஜியானா வேடத்தை அவர் வாழ்க்கையிலும் ஏற்க வேண்டியதாயிற்று.

1956: வண்ணத்தில் வந்த மார்ஜியானா

இன்று அலிபாபா என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 1956ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படம். டி.ஆர். சுந்தரம் இயக்கியது. ஜேவா கலரில் எடுக்கப்பட்ட இதுவே தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர். அலிபாபா, பி. பானுமதி மார்ஜியானா, பி.எஸ். வீரப்பா திருடர் தலைவன். 1954இல் ஹோமி வாடியா எடுத்த இந்திப் படத்தின் வழியில் வந்தது. 'அண்டா காகசம்' என்று தொடங்கும் மந்திரத்தைச் சொல்லிக் கதவைத் தள்ளி விளையாடாத குழந்தை அந்தத் தலைமுறையில் இருந்திருக்குமா?

இப்படத்தில் அலிபாபா மாறிவிட்டார். மரத்தில் ஒளிந்தவர் இப்போது வாள்வீரர். எம்.ஜி.ஆர். நடித்தால் அப்படித்தானே இருக்க முடியும்! நாயகன் வீரனானால் நாயகியின் புத்திக்கு வேலை குறையும். சிரிப்பும் பிரிந்துபோய்விட்டது. அந்த வேலைக்குத் தங்கவேலுவும் சாரங்கபாணியும் தனியாக வந்துவிட்டார்கள்.

இருந்தும் மார்ஜியானா பொம்மையாகிவிடவில்லை. காரணம் பானுமதி. அவர் நகைச்சுவை நடிகை என்ற பட்டியலில் வராதவர். ஆனால் தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என்ற நகைச்சுவைக் கதைகளை எழுதி இலக்கியப் பெயர் பெற்றவர். சிரிப்பின் சூட்சுமம் அறிந்தவர். ஒரு புருவத்தை உயர்த்தி, குரலை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தி அவர் பேசினால், எதிரில் நிற்பவர் வீரரா வில்லனா என்பது முக்கியமில்லை, கொஞ்சம் சிறியவராகிவிடுவார். அவருடைய மார்ஜியானாவுக்கு வாளைக் கண்டால் பயமில்லை. வாள் பிடித்தவரைக் கண்டால் லேசாகச் சிரிப்பு வரும்.

ஆக, 1941இல் புத்தியும் கோமாளித்தனமும் ஒரே பெண்ணிடம் இருந்தன. 1956இல் புத்தி நாயகிக்கு, கோமாளித்தனம் தனியாக வந்த சிரிப்பு நடிகர்களுக்கு என்று பாகப்பிரிவினை நடந்துவிட்டது. இது ஒரு படத்தின் கதை மட்டும் அல்ல, தமிழ்ப்படம் போன வழியே அதுதான். அடுத்து வந்த நகைச்சுவை நடிகைகளில் பலருக்கு அசட்டு வேடமே மிஞ்சியது.

சிரிப்பு எந்தத் திசையில் போகிறது?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் முதலாவதாக வைத்தது நகை. அழுகைக்கும் வீரத்துக்கும் முன்னால் சிரிப்பு! அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது இன்னொன்று. நகைச்சுவை நடிகையரை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

'அறிவாளி' (1963) படத்தில் பூரி சுடும் காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்காதவர் யார்? டி.பி. முத்துலட்சுமியும் தங்கவேலுவும் அதில் அப்படிப் பின்னியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பேதைமையில் பிறக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் மனைவியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். காட்சியின் வெற்றி முத்துலட்சுமியின் திறமை. அதன் திசையோ அந்தப் பெண்ணின்மேல் பாய்கிறது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணி வேறு மாதிரி. வெகுளியாகத் தொடங்கும் அந்தப் பெண்ணிடம் மனோரமா ஓர் உலக அனுபவத்தை ஒளித்து வைத்திருக்கிறார். தன்னைப் பிறர் எள்ளுவது அவளுக்குத் தெரியும், தெரிந்தே அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாள். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை இதுதான். அதைச் செய்ய முதல் வகையைவிட நெஞ்சுரம் அதிகம் வேண்டும்.

'சதி லீலாவதி' (1995) வந்தபோது கோவை சரளா கமல்ஹாசனுக்கே ஜோடியாகி, கொங்குத் தமிழில் வெளுத்து வாங்கினார். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் இருப்பவர்களுக்கு அது சினிமா பாஷையே அல்ல, வீட்டுப் பேச்சு. அங்கே மறுபடியும் கோமாளித்தனமும் புத்தியும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தன. மதுரத்தின் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இப்படிப்பட்ட வேடங்கள் எத்தனை வந்தன? விரல்விட்டு எண்ணலாம் என்பதுதான் வருத்தம்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அலிபாபாக்களின் வேரையும் பாருங்கள். கிருஷ்ணன் பிறந்த நாகர்கோவில் ஒழுகினசேரி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமா நம் பாலக்காட்டு வடவன்னூர்க்காரர். இரண்டாவது அலிபாபா வெளியான 1956 பொங்கலன்று பாலக்காட்டு நகரம் சென்னை மாநிலத்தில் இருந்தது. நாகர்கோவிலும் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கோடு மாறியது. நாகர்கோவில் அந்தப் பக்கம் போயிற்று. பாலக்காடு கேரளமாயிற்று. தேவிகுளமும் பீர்மேடும், அங்கிருந்த தமிழர்கள் போராடியும், கேரளத்திலேயே நின்றன. யாரும் வீடு மாறவில்லை. கதவில் போட்ட அடையாளம்தான் மாறியது.

அடையாளம் போடப்பட்ட வீட்டில் வாழ்வது எப்படி என்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்திலும் பள்ளிக்கூடத்திலும் 'பாண்டி' என்ற கேலியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மில் குறைவு. மலையாளப் படங்களில் அரைகுறைப் பேச்சோடு வரும் தமிழ்ப் பாத்திரம் சிரிப்புக்காகவே வந்துபோகும். நியாயமாகப் பேசினால், நம் படங்களும் சளைத்தவை அல்ல. டீக்கடை நாயரை வைத்து நாம் சிரித்த சிரிப்புக்குக் கணக்கே இல்லை. இரண்டு பக்கமும் சிரிப்பு பேதைமையின் மேல்தான் பாய்கிறது. பேசுகிற மொழியைப் பேதைமையாகக் காட்டிவிட்டால் வேலை சுலபம்.

மார்ஜியானா இதற்கு ஒரு வழி காட்டுகிறாள். தன் கதவிலிருந்த கோட்டை அவள் அழிக்கவில்லை. எல்லாக் கதவிலும் போட்டுவிட்டாள். எல்லோரும் ஒன்று என்றானபின் அடையாளம் வைத்து யாரைப் பிடிப்பது? மதுரத்தின் நகைச்சுவையும் இதே வேலையைத்தான் செய்தது. கணவன், பெரிய மனுஷன், படித்தவன், பணக்காரன் எல்லோரும் கொஞ்சம் கோமாளிகளே என்று காட்டிவிட்டால், பெண் மட்டும் எப்படிக் கோமாளியாவாள்?

2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, போனசுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்தினார்கள், கேட்ட போனசையும் வாங்கினார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற அந்தப் பெண்களைப் படத்தில் போடுவதாக இருந்தால், எந்த இயக்குநரும் ஓரத்தில் நிற்கும் சிரிப்பு வேடத்தைத்தான் கொடுத்திருப்பார். நடுவில் வந்து நின்றபோது என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது.

ஆகவே, பழைய படம் போடும்போது பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். எம்.ஜி.ஆரின் வாள் வீச்சை ரசிக்கட்டும், தப்பில்லை. தங்கவேலுவைப் பார்த்துச் சிரிக்கட்டும். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில எல்லாரையும் காப்பாத்தினது யாரு?" கூடவே, மார்ஜியானாவாக முதலில் வந்த மதுரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். நம் மொழியில் ஒரு பெண் தன்னையும் கேலி செய்துகொண்டு ஊரையும் கேலி செய்து, யாருக்கும் குறையாமல் நிமிர்ந்து நின்றாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாராவது 'பாண்டி' என்று சிரித்தால், அழுதுகொண்டு வராமல், பொருத்தமான நேரத்தில் பொருத்தமான ஒரு வார்த்தை சொல்லித் தானும் சிரித்துவிட்டு வர அந்தத் தெரிவு உதவும்.